இரண்டு பத்திரங்களுக்கு நடுவே

அன்று அந்தக் கிழவி எவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதில் எனக்கும் என் மனைவி ஓம்ப்ரெத்தாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கால் மணி நேரம் என்பேன் நான். ஒரு நிமிடம்கூட இருக்காது, மௌனம் என்றால் அதை இழுத்து நீட்டிச் சொல்வதே உனக்கு வழக்கம் என்பாள் அவள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்ததாக எனக்கு நினைவு. அவளுக்கோ வெயில் முகத்தில் அடித்தது, துல்லியோவின் நெற்றி வேர்த்தது எல்லாம் நினைவிருக்கிறது. எங்கள் இருவரில் அவள்தான் நம்பத் தகுந்தவள். இருந்தாலும் என் தலைக்குள் நிற்கிறபடிதான் என்னால் சொல்ல முடியும்.

லூகோ என்ற எங்கள் சிற்றூரில், சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில், இரண்டாவது மாடி வீடு அது. விற்க வந்தவன் துல்லியோ. ஐம்பதைத் தாண்டியவன், ரயில் நிலையம் பக்கம் டயர்க் கடை வைத்திருந்தான். வாங்க வந்தவர்கள் நாங்கள். நான் பழச்சாறு ஆலை ஒன்றில் சரக்குப் பிரிவில் இருந்தேன். ஓம்ப்ரெத்தா ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகளுக்காகக் கேட்டுவிட்டார். கோடை முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும்.

ஒப்பந்தம் போட்ட அன்று ஓம்ப்ரெத்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த வரி எங்கங்க?"

"எந்த வரி?" என்றான் துல்லியோ.

"பேங்க் லோன் கிடைக்கலன்னா அட்வான்ஸைத் திருப்பித் தருவீங்கங்கிற வரி."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "உங்க வீட்ல கல்யாணத்தன்னிக்கே விவாகரத்துக்கும் தேதி குறிச்சுட்டாங்களா? இங்க பாருங்க, பின்னாடி மூணு பேரு கையில காசோட நிக்கிறாங்க. வரி வேணும், வட்டம் வேணும்னா நான் அவங்ககிட்டப் போறேன்."

மூன்று பேரும் பொய் என்று எனக்குத் தோன்றியது. ஓம்ப்ரெத்தாவுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அந்த வீட்டின் சமையலறை ஜன்னலைப் பார்த்து அவள் மயங்கிவிட்டிருந்தாள். பேனாவை அவன் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கி, தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள். திருமணமானதிலிருந்து நாங்கள் சேர்த்தது முழுவதும் அந்த முன்பணத்தில் போனது.

ஒரு மாதம் கழித்து வங்கி மாட்டேன் என்றது. எங்கள் சம்பளத்தில் குறையில்லை. குறை வீட்டில். வங்கியின் வக்கீல் வில்லங்கம் பார்த்தபோது, அந்த வீட்டைத் துல்லியோ விலை கொடுத்து வாங்கவில்லை என்று தெரிந்தது. ஆறு வருடங்களுக்கு முன் அவன் அம்மா ஆர்ஜியா அவனுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் இது சகஜம். செத்த பிறகு வாரிசுப் பத்திரம், வரி என்று பிள்ளைகள் அலைய வேண்டாமே என்று உயிரோடு இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை அதை விற்கப் போவான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சட்டமோ எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்கிறது. ஆர்ஜியாவுக்கு பெல்ஜியத்தில் இன்னொரு மகன் இருந்தான். அவள் இறந்ததும் அவன் வந்து என் பங்கு எங்கே என்று கேட்டால், அப்போது வீடு யார் கையில் இருந்தாலும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வீட்டை எந்த வங்கி அடமானமாக ஏற்கும்?

ஓம்ப்ரெத்தா நேராக டயர்க் கடைக்குப் போனாள். துல்லியோ பக்கத்துக் காபி பாரில் காபி குடித்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் போய் நின்றேன்.

"தானமா வந்த வீடுன்னு ஏங்க சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லிக் கிழிச்சிருப்பியா?"

அந்த ஒரு வாக்கியத்தில் மரியாதை போய்விட்டது. பார் சொந்தக்காரர் காபி இயந்திரத்தை நிறுத்தினார். நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

"இந்தாம்மா, லோன் உன் தலைவலி. தேதிக்குள்ள பாக்கி வரலன்னா அட்வான்ஸ் எனக்கு. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

"பேப்பர்ல உன் தம்பி பேரையும் எழுதியிருக்கணும்."

"அவனா? அவன் அம்மாகிட்டப் போன்ல பேசியே பத்து வருஷம் ஆகுது."

"உங்கம்மா கண்ண மூடட்டும், மறுநாளே பேசுவான்."

"எங்கம்மா சாவப் பத்தி நீ பேசாத."

"வித்துத் தின்ன வந்தவன் நீ. நான் பேசினா மட்டும் உறுத்துதோ?"

துல்லியோ கோப்பையைத் தட்டில் வைத்த சத்தத்தில் ஒரு நாய் குரைத்தது. "உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ" என்றான் என்னிடம். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேறெதுவும் வரவில்லை. சில நேரம் அதுவே போதுமானதாக இருக்கிறது. அவன் காசைக்கூட வைக்காமல் வெளியே போனான்.

பத்திரம் எழுதும் நோட்டரியிடம் மறுநாள் போனோம். அறுபது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஓம்ப்ரெத்தா கேட்டுக்கொண்டே போனாள்.

"கேஸ் போட்டா?"

"போடலாம். மறைச்சு வித்ததுனு ஜெயிக்கவும் ஜெயிப்பீங்க, பல வருஷம் கழிச்சு. ஆனா அவர் உங்க அட்வான்ஸைக் கொண்டுபோய் செர்வியா கடற்கரையில வெயில் குடை, நாற்காலி வாடகைக்கு விடுற தொழில்ல போட்டுட்டாராம். ஜெயிச்சு எதை வாங்குவீங்க?"

"பெல்ஜியம் தம்பிகிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு கையெழுத்து வாங்கினா?"

"அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது."

"இந்த மாதிரி தான வீட்டுக்கு இன்சூரன்ஸ் ஏதோ இருக்காமே?"

"சில பேங்க் ஏத்துக்கும். உங்க பேங்க் ஏத்துக்காது. கேட்டுட்டேன்."

"அப்ப நாங்க நடுத்தெருவுல நிக்க வேண்டியதுதானா?"

நோட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வழி இருக்கு. கொடுத்த அம்மாவும் வாங்கின மகனும் சேர்ந்து வந்து அந்தத் தானத்தை ரத்து பண்ணலாம். வீடு திரும்ப அம்மாவோடதாயிடும். அப்புறம் அம்மாவே உங்களுக்கு விக்கட்டும். அது சாதாரணக் கிரயம், பேங்க் ஒண்ணும் சொல்லாது. ஒரே நாள், ஒரே மேசை, ரெண்டு பத்திரம்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்ல. முதல் கையெழுத்துக்கும் ரெண்டாவது கையெழுத்துக்கும் நடுவுல வீடு முழுக்க அவங்களோடது. அந்த நேரத்துல அவங்க மாட்டேன்னு எழுந்து போயிட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நானும்தான்."

துல்லியோவிடம் நோட்டரியே பேசினார். அவனுக்கும் வேறு வழியில்லை. கடன் வாங்கி வாங்குகிற எவனும் இனி அந்த வீட்டைத் தொட மாட்டான். கடற்கரைத் தொழிலுக்கோ அடுத்த தவணை கட்ட வேண்டும். அவன் சிரித்ததாகச் சொன்னார். "எங்கம்மாவா? காட்டின இடத்துல கையெழுத்துப் போடுவா. முன்னாடியும் போட்டாளே." கிரயப் பணம் யார் பெயரில் வரும் என்பதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அம்மாவின் போஸ்ட் ஆபீஸ் கணக்கில் அவன் கையெழுத்தும் செல்லும்.

ஆர்ஜியா பக்கத்து ஊரான பாஞ்ஞகவால்லோவில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருந்தாள். வீட்டை எழுதி வாங்கிய வருடமே துல்லியோ, குளிர்காலத்துக்கு மட்டும் என்று அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தான். அதன் பிறகு குளிர்காலம் முடியவே இல்லை. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்காரி. சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் என்ன என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள். அந்தத் தெருவில் யாரும் எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. கிழவியின் வீட்டைத் தின்ன வந்தவர்கள் நாங்கள்.

பத்திர நாளன்று நோட்டரியின் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு பக்கம் நானும் ஓம்ப்ரெத்தாவும், எதிரே ஆர்ஜியாவும் துல்லியோவும். ஓரத்தில் வங்கியின் ஆள், டிராஃப்டுகள் இருந்த உறையோடு. அலுவலக எழுத்தர்கள் இருவர் சாட்சிக்காகப் பின்னால் இருந்தார்கள். அன்று கையெழுத்தாகாவிட்டால் வங்கி ஒப்புக்கொண்ட கடன் காலாவதியாகிவிடும். முன்பணம், வீடு இரண்டும் போய்விடும். வாடகை வீட்டில் எங்கள் சாமான்கள் ஏற்கனவே பெட்டிகளில் இருந்தன.

ஆர்ஜியா சிறிய உருவம். கருநீலக் கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். ஓம்ப்ரெத்தாவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நீதான் வாங்குறவளா?"

"ஆமாங்க."

"சமையலறைச் சுவரை இடிக்கப் போறியாமே."

"நினைச்சிருக்கோம்."

"அதுக்குள்ள தண்ணிக் குழாய் போகுது. இடி, நல்லா இடி. தலையோட குளிப்ப." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இது பேசுமா?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை" என்றாள் ஓம்ப்ரெத்தா.

"கொடுத்து வெச்சவ."

நோட்டரி முதல் பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினார். எங்கள் நாட்டில் பத்திரத்தை ஒரு வரி விடாமல் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாக வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். ஆர்ஜியா கேட்டாள். தானம் ரத்தாகிறது, அது நடக்காததுபோலவே கருதப்படும் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினாள்.

"அதை இன்னொரு தடவை படிங்க."

நோட்டரி மறுபடி படித்தார்.

"நடக்காத மாதிரியா?"

"ஆமாம்மா. சட்டத்தோட கண்ணுக்கு, வீடு எப்பவுமே உங்களோடதா இருந்த மாதிரி."

"அப்ப நான் அந்தக் கன்னியாஸ்திரீங்ககிட்ட இருந்த வருஷமெல்லாம்?"

"அது பத்திரத்துல வராது."

"வராதுல்ல" என்றாள். சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பழகிய வட்ட எழுத்தில் மெதுவாகக் கையெழுத்திட்டாள். துல்லியோ ஒரே கிறுக்கலாகக் கிறுக்கிவிட்டுத் தாளைத் தள்ளினான். அவ்வளவில் அவன் அந்த வீட்டுக்கு அந்நியனானான். அது அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. போனை எடுத்து மணி பார்த்தான்.

இரண்டாவது பத்திரம் எங்களுடையது. அடமானம், வட்டி, தவறினால் வங்கிக்கு என்ன உரிமை எல்லாம் வாசிக்கப்பட்டன. விற்பவர் வீட்டை ஆட்களும் பொருட்களும் இன்றிக் காலியாக ஒப்படைக்கிறார் என்ற வரியும் வந்தது. நோட்டரி பேனாவை ஆர்ஜியாவின் பக்கம் நகர்த்தினார்.

அவள் எடுக்கவில்லை.

நான் முதலில் சொன்ன மௌனம் இதுதான். மௌனங்களை எனக்குக் கொஞ்சம் தெரியும். சொல்ல ஒன்றும் இல்லாதவர்களின் மௌனம் ஒன்று, சொல்லப் பயப்படுகிறவர்களுடையது ஒன்று. இது இரண்டும் இல்லை. வெகுநாள் கழித்துத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அது இன்னும் தன்னைத் தாங்குகிறதா என்று பார்க்கிறவளின் மௌனம். வங்கி ஆள் உறையின் ஓரத்தை விரலால் நிமிண்டினான்.

"ம்மா, போடு" என்றான் துல்லியோ.

"என்னடா அவசரம்? என் வீடு."

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நானும்தான் காத்துக்கிட்டிருந்தேன். வசந்தம் வந்ததும் கூட்டிட்டுப் போறேன்னியே. எந்த வருஷத்து வசந்தம்னு கேக்காம விட்டது என் தப்பு."

"இப்ப அதைப் பேசற நேரமா?"

"உனக்கு எப்படா நேரம்? போன ஞாயித்துக்கிழமை கேக் டப்பாவோட வந்த. டப்பாவைப் பிரிக்கறதுக்குள்ள, எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு காட்டின."

துல்லியோ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். "மேடம், இவ பேசறத கணக்குல எடுக்காதீங்க. இவளுக்கு புத்தி சரியில்ல. இல்லத்துலயே எல்லாருக்கும் தெரியும்."

நோட்டரி பேனாவின் மூடியை மாட்டினார். அதுவரை இல்லாத ஒரு கவனம் அவர் முகத்தில் வந்தது.

"இதை யோசிச்சுத்தான் சொல்றீங்களா? சுயபுத்தி இல்லாதவங்க போட்ட கையெழுத்தை நான் பதிய முடியாது. இதை நிறுத்தணும். முதல் பத்திரமும் நிக்காது. அவங்க தெளிவா இருக்காங்கன்னு எனக்குத் தெரியுது. ஆனா மகனா நீங்க சொன்னதை எழுதிக்கச் சொன்னா எழுதிக்கிறேன். சாட்சிகளும் இருக்காங்க."

"இல்ல... கோவத்துல ஒரு வார்த்தை..."

"அப்ப அம்மாவுக்கு புத்தி சரியா இருக்கு?"

"இருக்கு."

"சத்தமாச் சொல்லுடா" என்றாள் ஆர்ஜியா. "சாட்சிங்க பின்னாடி உக்காந்திருக்காங்க, காது கேக்கணும்ல."

"இருக்கு, இருக்கு! போதுமா?"

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள் அவள். நோட்டரி உண்மையிலேயே எழுதிக்கொண்டார்.

பேனா மறுபடி மேசைமேல் கிடந்தது. ஓம்ப்ரெத்தாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் பட்டுன்னு கேக்கறேன். நீங்க கையெழுத்துப் போடலன்னா எங்களுக்கு வீடும் இல்ல, கொடுத்த காசும் இல்ல. உங்க பிள்ளைய அடிக்கணும்னா அடிங்க. அதுக்கு எங்களைக் கம்பா எடுக்காதீங்க."

"ஏன் கூடாது?" கிழவி அவள் பக்கம் திரும்பினாள். "வித்துக் காசு பாக்க இவன் உங்களைப் பிடிச்சான். பேங்குக்குக் காட்ட நீங்க என்னைப் பிடிச்சீங்க. அந்த இல்லத்துக்கு வந்து ஒரு தடவை, கிழவி, உனக்கு விக்க மனசிருக்கான்னு யாராவது கேட்டீங்களா? எல்லாரும் கம்பை எடுத்துச் சுழட்டினப்புறம் எனக்கு மட்டும் முறை வரக் கூடாதா?"

அந்தச் சமயத்தில் எனக்கு வீடு போய்விட்டது என்றே தோன்றியது. வியப்பு என்னவென்றால், கிழவி சொன்னது சரி என்றும் தோன்றியது.

ஆர்ஜியா வங்கி ஆளைப் பார்த்தாள். "தம்பி, அந்த டிராஃப்ட்ல என்ன பேரு?"

"உங்க பேருதாங்க."

"வேற யாராவது மாத்த முடியுமா?"

"முடியாதுங்க. உங்க கணக்குல போட்டா மட்டும்தான்."

"காட்டு."

அவன் நோட்டரியைப் பார்த்தான். நோட்டரி தலையசைத்தார். ஆர்ஜியா ஒவ்வொரு டிராஃப்டையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு மூடியைக் கழற்றி, முதல் பத்திரத்தில் இட்டதைவிட வேகமாக, எல்லாத் தாள்களிலும் கையெழுத்திட்டாள். நாங்களும் போட்டோம்.

ஆர்ஜியா டிராஃப்டுகளைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"சரிம்மா" என்று துல்லியோ மூச்சு விட்டான். "கார் கீழதான் இருக்கு. நேரா போஸ்ட் ஆபீஸ் போயிடலாம்."

"போகத்தான் போறேன். நீ வர வேண்டாம்."

"நான் இல்லாம எப்படி?"

"அந்தக் கணக்குல இருந்து உன் கையெழுத்தை எடுத்துட்டேன். இல்லத்து மதர் சுப்பீரியர் துணைக்கு வந்தாங்க."

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. முகம் படிப்படியாக வெளுத்தது. "செர்வியாவுல தவணை கட்டணும்மா. நாளைக்குக் கட்டலன்னா மொத்தமும் போயிடும்."

"கட்டு. யாரு வேணாம்னா?"

"எதை வெச்சுக் கட்ட?" அவன் நோட்டரியிடம் திரும்பினான். "மேடம், இது செல்லுமா?"

"வீட்டை வித்தவங்க பணத்தை வாங்கிக்கிறாங்க" என்றார் நோட்டரி. "செல்லாம என்ன?"

"அந்த வீடு என்னோடது!"

"நடக்காத மாதிரிடா" என்றாள் ஆர்ஜியா. "படிச்சாங்கல்ல. நீதான் போன் பாத்துக்கிட்டிருந்த."

துல்லியோ எங்கள்மேல் பாய்ந்தான். நாங்கள் இருவரும் கிழவியும் சேர்ந்து சதி செய்தோம், அந்த வீட்டில் நாங்கள் ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்க மாட்டோம் என்றான். இன்னும் என்னவோ சொன்னான், அதை எழுத எனக்கு விருப்பமில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேசைமேல் வீசினான். அது வழுக்கிக்கொண்டு வந்து ஓம்ப்ரெத்தாவின் மடியில் விழுந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஆர்ஜியா கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்தாள். வாடகைக் கார் ஒன்று கூப்பிடச் சொன்னாள். ஓம்ப்ரெத்தா எழுந்து அவளருகே போனாள்.

"ரொம்ப நன்றிங்க."

"உனக்காகப் போடல" என்றாள் கிழவி. "நீ எக்கேடும் கெட்டுப் போ. விக்காம வெச்சிருந்தா நான் செத்தப்புறம் அவன்தான் வந்து உக்காருவான். அதுக்கு நீ பரவாயில்ல." என்னைப் பார்க்காமல் என்னைக் கடந்து போனாள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். எங்களுக்கு வீடு கிடைத்தது யாருடைய நல்ல மனதாலும் இல்லை. ஒரு தாய் தன் மகன்மேல் வைத்திருந்த கோபம் வங்கிக்கு வேண்டிய கையெழுத்தோடு ஒத்துப்போனது. அவ்வளவுதான். இதை ஓம்ப்ரெத்தாவிடம் பிறகொரு நாள் சொன்னேன். வீடு வீடுதானே என்றாள்.

துல்லியோ அம்மாமேல் வழக்குப் போட்டான். அவளுக்குச் சுயபுத்தி இல்லை என்பதுதான் வாதம். அவளுக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று அவனே சாட்சிகள் முன்னால் சொன்னதை நோட்டரி எழுதி வைத்திருந்ததால் வழக்கு நிற்கவில்லை. கடற்கரைத் தொழிலும் பிறகு டயர்க் கடையும் போயின. இப்போது ராவென்னாவில் வேறொருவர் கடையில் டயர் மாட்டுகிறான். ஆர்ஜியா இல்லத்தை விட்டு வெளியேறி ஃபயென்ஸாவில் தரைத்தள வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். துணைக்கு ஒரு மால்டோவாக்காரியை வைத்துக்கொண்டு, நான்கு வருடம் இருந்து இறந்தாள். உயில் எழுதித் துல்லியோவை முழுவதுமாக ஒதுக்கப் பார்த்திருக்கிறாள். சட்டம் விடவில்லை. மிச்சமிருந்ததில் பிள்ளைக்குரிய பங்கு அவனுக்கும் கிடைத்தது. பெல்ஜியத்து மகன் அடக்கத்துக்கு வந்து, தன் பங்கை வாங்கிக்கொண்டு அன்று மாலையே திரும்பினான். நோட்டரி ஓய்வு பெற்றுவிட்டார். நானும் ஓம்ப்ரெத்தாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். கடன் இன்னும் முடியவில்லை.